ஆட்டம் வந்தால் கதை நிற்கிறதா?

வணக்கம். மேடை இசைநாடகங்களின் பதிவுகள் சிலவற்றை அண்மையில் பார்த்தேன். பாட்டு வருவது புரிகிறது. ஆனால் கதை சூடுபிடிக்கும் நேரம் பார்த்து இருபது பேர் வந்து ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள். கதை அப்படியே நின்றுவிடுகிறது. கண்ணுக்கு விருந்து என்பதைத் தாண்டி இந்த ஆட்டத்துக்கு வேலை ஏதும் உண்டா? பாலே, டாப், ஜாஸ் என்று மாற்றி மாற்றி ஆடுவதும் பகட்டுக்குத்தானா?
– மா.

அன்புள்ள மா.,

கதையோடு ஒட்டாத ஆட்டத்தைச் செருகும் பழக்கம் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் நெடுங்காலம் இருந்தது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. நீங்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

ஆனால் 1943இல் வந்த ‘ஓக்லஹோமா!’ இசைநாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி லாரிக்குப் பிடித்தவன் கர்லி. வீம்புக்கு, பண்ணையாள் ஜட்டுடன் விருந்துக்கு வருவதாகச் சொல்லிவிடுகிறாள். முதல் அங்கத்தின் முடிவில் அவள் கண்ணயர, ஆக்னஸ் டி மில் அமைத்த கனவு பாலே தொடங்குகிறது. லாரியாகவும் கர்லியாகவும் இப்போது ஆடுபவர்கள் வேறு கலைஞர்கள். கல்யாணக் கோலத்தில் நிற்கிறாள். மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் ஜட். அவன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படத்துப் பெண்கள் உயிர்பெற்று ஆடுகிறார்கள். கர்லியை ஜட் கொல்கிறான். திடுக்கிட்டு விழித்தால் நிஜ ஜட் எதிரே நிற்கிறான், கூட்டிப்போக. அவள் அவனோடே போகிறாள். திரை. ஏறக்குறைய கால் மணி நேரம், அநேகமாக வசனமே இல்லை. ஜட்டிடம் பயம் என்று அவள் சொல்லி ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். பயத்தோடு ஒரு ஈர்ப்பும் கலந்திருப்பது இந்த ஆட்டத்தில்தான் வெளிப்படுகிறது.

எந்தப் பாணி என்பதை, ஆடுபவர் யார் என்பதுதான் முடிவுசெய்ய வேண்டும். ஜெரோம் ராபின்ஸ் இயக்கி நடனம் அமைத்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் (1957) பகை கொண்ட இரண்டு தெருக் கும்பல்கள் வருகின்றன. நடனக்கூடத்தில் ஆடும் மாம்போ என்ற வேகமான லத்தீன் நடனம் அவை மோதும் போட்டி. எதிரெதிர்த் தரப்பைச் சேர்ந்த டோனியும் மரியாவும் ஒருவரையொருவர் கண்டதும் கூட்டம் மங்கிப்போய், சா-சா-சா என்ற இன்னொரு லத்தீன் நடனம் மெல்ல வருகிறது. காதல் வந்துவிட்டதென்று யாரும் சொல்லவில்லை, தாளம் மாறிவிட்டது. நடன அமைப்பாளர் பாப் ஃபாஸியின் ஜாஸோ நேர்மாறு: உள்ளே மடங்கிய முழங்கால், தொங்கும் தோள், விரல் நுனியில் ஒரு வெட்டசைவு. ‘சிகாகோ’வின் (1975) கொலைகாரிகளுக்கு அதைவிடப் பொருத்தமான உடல்மொழி எனக்குத் தோன்றவில்லை.

வெறும் பகட்டும் சில இடத்தில் நியாயம்தான். ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ (1980) தொடங்கும்போது திரை சற்றே உயர்ந்து நின்றுவிடும். தெரிவதெல்லாம் டாப் ஆடும் கால்கள், அதாவது காலணியால் தரையில் தட்டித் தாளம் எழுப்பும் கால்கள். ஆட்டக்காரர்களின் கதைக்கு இதைவிட என்ன அறிமுகம் வேண்டும்?

அடுத்து ‘எ கோரஸ் லைன்’ (1975) பாருங்கள். குழு நடனத்தில் இடம் தேடி வரிசையில் நிற்கும் 17 பேர் தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் நமக்குப் பழக்கமாகிவிடுகிறார்கள். தேர்வாவது எட்டுப் பேர். இறுதி ஆட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பொன்னிற உடை, ஒரே தொப்பி, ஒரே அடவு. யார் யாரென்று தேடினாலும் பிடிபடாது. தனி மனிதர்கள் கூட்டத்தில் கரைந்துபோவதை, இதை இயக்கிய மைக்கேல் பென்னட் வசனத்தில் சொல்லியிருந்தால் பிரசங்கமாகியிருக்கும்.