முடிவிலா மட்டங்களை ஆள முடியுமா?

கேள்வி: இரண்டே ஆற்றல் மட்டங்கள் கொண்ட குவாண்டம் அமைப்பை, வெளியிலிருந்து செலுத்தும் புலத்தால் வேண்டிய நிலைக்குக் கொண்டுசெல்லலாம் என்கிறார்கள். மட்டங்கள் முடிவிலியானால் அது இயலாது என்று 1982-லேயே நிறுவப்பட்டுவிட்டதாமே?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது பால், மார்ஸ்டன், ஸ்லெம்ராட் ஆகியோரின் தேற்றம். புலம் அமைப்பின் மீது செயல்படும் விதத்தைக் குறிக்கும் கணிதச் செயலி (operator) வரம்புடையதாக இருந்தால், ஒரு தொடக்க நிலையிலிருந்து எட்டக்கூடிய நிலைகளின் கணம், எல்லா நிலைகளும் அடங்கிய நிலைவெளியில் ஒரு சிறு உருண்டையைக்கூட முழுமையாக நிரப்பாது என்பதே அதன் சாரம். நிரப்பாமல் இருப்பது வேறு, நெருங்க முடியாமல் இருப்பது வேறு. விகிதமுறு எண்கள் எண்கோட்டின் எந்தத் துண்டையும் நிரப்புவதில்லை, ஆயினும் எந்தப் புள்ளியையும் வேண்டிய அளவுக்கு நெருங்குகின்றன. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் 'இயலாது' என்று சொல்லிவிடுவது அந்தத் தேற்றத்துக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். ஒற்றைப் பரிமாணப் பெட்டியில் அடைபட்ட துகளை, போதிய வழவழப்புள்ள நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அடிமட்ட நிலைக்கு அருகில் துல்லியமாகவே செலுத்தலாம் என்று காரீன் பொஷார் 2005-இல் நிறுவினார்.

உண்மையான தடை மட்டங்களின் இடைவெளியில் இருக்கிறது. பெட்டியில் ஆற்றல் 1, 4, 9, 16 என்ற விகிதத்தில் உயர்வதால், அடுத்தடுத்த இடைவெளிகள் 3, 5, 7 என வேறுபடுகின்றன. ஆகவே ஒரு படிக்கு இசைந்த அதிர்வெண் அடுத்த படியை அவ்வளவாக அசைப்பதில்லை. சீரிசை அலையியற்றியிலோ (சுருள்வில்லில் ஆடும் எடையின் குவாண்டம் வடிவம்) எல்லா இடைவெளிகளும் சமம். சீரான மின்புலத்தை எப்படி மாற்றி மாற்றிச் செலுத்தினாலும், அடிமட்டத்தின் மணி வடிவ அலைச்சார்பு (துகளின் நிலையை விவரிக்கும் சார்பு) வடிவம் குலையாமல் இடம்பெயர்ந்து ஊசலாடுமே தவிர, நடுவில் சுழியாகும் முதல் கிளர்நிலையாக (அடிமட்டத்துக்கு அடுத்த நிலையாக) ஒருபோதும் மாறாது. மிராஹிமி, ருஷோன் இருவரும் 2004-இல் இவ்வமைப்பு கட்டுப்படாதது என்று காட்டியதன் பின்னணி இதுவே.

ஆயினும் அதனுடன் ஓர் இருமட்ட அணுவைப் பிணைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. அப்போது அணுவுக்கும் அலையியற்றிக்கும் இடையே ஆற்றல் கைமாறும் வேகம் முதல் படியில் √1, இரண்டாவதில் √2, மூன்றாவதில் √3 என்ற விகிதத்தில் அமைவதால், சமமாக இருந்த படிகளைத் தனித்தனியே அடையாளம் காண வழி பிறக்கிறது. இதைக் கொண்டு, குறிப்பிட்ட ஒரு படிக்கு உட்பட்ட எந்த நிலைச் சேர்க்கையையும் உருவாக்கும் முறையை லா, எபர்லி இருவரும் 1996-இல் வகுத்தனர். வேண்டிய நிலையிலிருந்து பின்னோக்கி, உச்சியிலுள்ள படியிலிருந்து ஒவ்வொன்றாகக் காலிசெய்து அடிமட்டம் வரை கணக்கில் இறங்கி, அதற்குத் தேவைப்படும் புலத் துடிப்புகளையே தலைகீழ் வரிசையில் செலுத்துவது அவர்கள் முறை.