எக்ஸ்ரே எடுக்கிற வேலை இல்லை, அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். பி.எட். முடித்துவிட்டு டீச்சர் வேலைக்குப் போ என்றால் 'மெடிக்கல் பிசிக்ஸ்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தென்காசியில் விசாரித்தால் "அது எக்ஸ்ரே எடுக்கிற வேலை, அதுக்கு எதுக்கு எம்.எஸ்சி.?" என்கிறார்கள். கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது: "ரேடியேஷன் படுகிற வேலைக்குப் போன பிள்ளையை யார் கட்டுவார்கள்?" அதற்கும் வருகிறேன்.

எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பவர் டெக்னீஷியன். அது வேறு படிப்பு, வேறு வேலை. உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் புற்றுநோய் மருத்துவமனையில் இருக்கும் வேலை. நம் ஊர்ப்பக்கம் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு. அங்கே டாக்டர் சி.டி. ஸ்கேன் படத்தில் கட்டியைச் சுற்றிக் கோடு வரைந்து, இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதுவார். தொண்டைப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் 70 கிரே, 35 தவணையாக. கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. அந்த அளவு கட்டிக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும், பக்கத்தில் இருக்கும் தண்டுவடத்துக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் முடிந்தவரை போகக் கூடாது. எந்தக் கோணத்திலிருந்து, எந்த வடிவத்தில், எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுத் திட்டம் தயாரிப்பவர் மெடிக்கல் பிசிசிஸ்ட். நோயாளியைத் தினமும் படுக்கவைத்து மெஷினை இயக்குவது டெக்னாலஜிஸ்ட். அந்த மெஷின் சொன்ன அளவைத்தான் கொடுக்கிறதா என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு மறுபடியும் பிசிசிஸ்டுக்கு.

உங்கள் கடைத் தராசை வைத்தே சொல்லலாம். தராசுக்கு முத்திரை போட ஆபீசர் வருகிறார், இல்லையா? தராசு கொஞ்சம் ஏமாற்றினால் வாடிக்கையாளர் வீட்டில் போய் நிறுத்துப் பார்த்துவிட்டு உங்களிடம் சண்டைக்கு வருவார். இங்கே அப்படி யாரும் வர முடியாது. 70 கிரே என்றால் ஒரு கிலோ எடைக்கு 70 ஜூல் ஆற்றல். ஒரு வாய் சூடான டீயில் உள்ளே போகும் வெப்பம் அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அவ்வளவு சின்ன ஆற்றல்தான் கட்டியை அழிக்கிறது. அதனால் மெஷின் கூடக் கொடுத்தாலும் குறைத்துக் கொடுத்தாலும் மேஜையில் படுத்திருக்கும் நோயாளிக்கு அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அளந்து பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை ஒரு மாணவனை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். காலை ஆறரை மணி, நோயாளிகள் யாரும் வரவில்லை. அங்கிருந்த பிசிசிஸ்ட் அம்மா ஒரு தண்ணீர்த் தொட்டியை மெஷினுக்குக் கீழே நகர்த்தி, பென்சில் அளவுள்ள ஒரு கருவியைச் சரியாக 10 சென்டிமீட்டர் ஆழத்தில் பொருத்தினார். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அதனால் உடம்புக்குப் பதில் தண்ணீர். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்தார், காற்றழுத்த மானியைப் பார்த்தார், இரண்டையும் நோட்டில் எழுதினார். "இவ்வளவு பெரிய மெஷினுக்கு வானிலை எதுக்கும்மா?" என்றேன். சிரித்துக்கொண்டே விளக்கினார். அந்தப் பென்சில் கருவிக்குள் இருப்பது வெறும் காற்று. கதிர்வீச்சு காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தைத்தான் அது அளக்கிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருப்பதால் சென்னையைவிடக் காற்று நாலைந்து சதவீதம் லேசு. கருவி அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். அதைத் திருத்தாமல் விட்டால் "மெஷின் குறைவாகக் கொடுக்கிறது" என்று நினைத்து நாமே ஏற்றிவைப்போம், அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் நாலைந்து சதவீதம் கூடப் போகும். இந்த அளவீட்டில் இரண்டு சதவீதம் தள்ளிப்போனாலே மெஷினை நிறுத்திவிட்டு ஏன் என்று தேடுவார்களாம்.

இதைச் சொன்னது பயமுறுத்த இல்லை. உங்கள் மகளுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு கேள்வி இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பிடும்போது சும்மா கேளுங்கள்: 0.3 நிமிஷம் என்றால் எத்தனை விநாடி? பதில் 18. அவசரத்தில் 30 என்று வாயில் வருவது சகஜம்தான். 1996-ல் கோஸ்டா ரிகாவின் சான் ஹோசே நகரில் கோபால்ட் சிகிச்சை மெஷினுக்குள் கதிர்வீச்சு தரும் கோபால்ட் துண்டை, அதாவது மூலகத்தை, புதிதாக மாற்றியபோது அளந்தவருக்கு அப்படித்தான் வந்தது. 0.3 நிமிஷத்தை 30 விநாடி என்று எடுத்துக் கணக்குப் போட்டார். கதிர்வீச்சு வருகிற வேகம் குறைவு என்று கணக்கில் வந்ததால் ஒவ்வொருவருக்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். சுமார் ஒரு மாதத்தில் 115 பேருக்கு, கொடுக்க வேண்டியதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விட்டது. இன்னொருவர் தனியாக ஒருமுறை அளந்து பார்த்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம். மகள் முதலில் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டு "இருங்கப்பா" என்று திரும்ப யோசிக்கிறாளா, அதை மட்டும் கவனியுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் முதல் மதிப்பெண் எடுப்பவர்களைவிட, வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இந்த வேலை நன்றாக அமைகிறது.

சரி, படிப்பு. இந்தியாவில் இதை ஒழுங்குபடுத்துவது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், சுருக்கமாக ஏ.இ.ஆர்.பி. அவர்கள் தகுதியை ஏற்றுக்கொண்டால்தான் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் பிசிசிஸ்டாக நியமிக்க முடியும். வழி இரண்டு. ஒன்று, பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு நேராக இரண்டு வருட எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் சி.எம்.சி. என்று நம் மாநிலத்திலேயே நல்ல இடங்கள் உண்டு. இன்னொன்று, சாதாரண எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து அதற்கு மேல் ஒரு வருட டிப்ளமோ. இதில் பெயர்போனது மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நடக்கும் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ. 1962 முதல் நடக்கிறது, இடங்கள் மிகக் கொஞ்சம், போட்டி கடுமை. எந்த வழியில் போனாலும் அடித்தளம் இயற்பியல் டிகிரி. பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கோ ரேடியோகிராபி டிகிரியோ படித்துவிட்டு "இதுவும் அதுவும் ஒண்ணுதானே" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஒன்றில்லை. உங்கள் மகளுக்கு அந்தச் சிக்கல் கிடையாது, அவள் சரியான இடத்தில்தான் நிற்கிறாள்.

இனிமேல் சொல்வதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இங்கேதான் நானே ஒருமுறை சறுக்கினேன்.

எம்.எஸ்சி. சான்றிதழ் கையில் வந்ததும் வேலை கிடைக்காது. வசதிகள் உள்ள ஒரு கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். அது முடிந்தால்தான் தகுதி முழுமை. சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை, எங்கே என்று சொல்லவில்லை, ஒரு கல்லூரியில் சேரச் சொன்னேன். பாடத்திட்டம் பார்த்தேன், கட்டணம் பார்த்தேன், விடுதிகூடப் பார்த்தேன். இன்டர்ன்ஷிப் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை. அவர்களுக்கென்று மருத்துவமனை கிடையாது. "நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். பையன் ஒவ்வொரு ஊராக ஏறி இறங்கினான். ஒரு வருடத்துக்கு மேல் வீணானது. அவன் அப்பா என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் சேருவதற்கு முன் துறைத் தலைவருக்கே போன் போட்டுக் கேளுங்கள். இந்தப் படிப்பை ஏ.இ.ஆர்.பி. ஏற்கிறதா? போன வருடம் முடித்தவர்கள் எந்தெந்த மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள்? அதற்கு உதவித்தொகை உண்டா, இல்லை நாம்தான் கட்ட வேண்டுமா? மூன்றாவது கேள்விக்குக் கூச்சப்படாதீர்கள். சில இடங்களில் கொஞ்சம் கொடுப்பார்கள், சில இடங்களில் ஒன்றும் கிடையாது. எம்.எஸ்சி. இரண்டு வருடத்தோடு இந்த ஒரு வருட வெளியூர்ச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். மொத்தம் மூன்று வருடம். அதற்குள் நகையில் கை வைக்க வேண்டிவந்தால் முதலிலேயே கல்விக் கடன் பற்றி வங்கியில் பேசிவிடுவது நல்லது.

இதற்குப் பிறகு ஆர்.எஸ்.ஓ. என்று ஒன்று, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர். சிகிச்சைப் பிரிவுக்கு மூன்றாம் நிலைத் தேர்வு. அதில் தேறி, வேலை செய்யும் மருத்துவமனைக்கென ஏ.இ.ஆர்.பி.யின் ஒப்புதல் வாங்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் எந்த மருத்துவமனையும் கதிர்வீச்சு மெஷினை ஓட்ட முடியாது. விளம்பரங்களில் "ஆர்.எஸ்.ஓ. தகுதி உள்ளவர்களுக்கு முன்னுரிமை" என்று போடுவது அதனால்தான்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் தென்காசியில் கிடைக்காது. மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை. மதுரை, திருச்சி, கோவை, சென்னை, இல்லாவிட்டால் வெளிமாநிலம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பணியிடங்கள் உண்டு, ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று நம்பி உட்கார முடியாது. தனியார் மருத்துவமனையில் ஆரம்பச் சம்பளம், படித்த படிப்புக்குக் குறைவு என்று நீங்கள் முணுமுணுக்கத்தான் செய்வீர்கள். அனுபவமும் ஆர்.எஸ்.ஓ.வும் வந்த பிறகு நிலைமை மாறும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பகலில் மெஷின் நோயாளிகளுக்கு. அளந்து பார்க்கும் வேலையெல்லாம் விடிவதற்குள்ளோ கடைசி நோயாளி போன பிறகோதான். ராத்திரி ஒன்பது, பத்து ஆகிற நாட்கள் வரும். மெஷின் நின்றுபோனால் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள். வெளிநாடு பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அமெரிக்கா போன்ற நாடுகளுக்குத் தனியாகப் பயிற்சியும் தேர்வும் உண்டு, நம் எம்.எஸ்சி.யை மட்டும் காட்டினால் போதாது.

இப்போது அந்த அடித்த வரி.

சிகிச்சைக்கு இன்று அதிகம் பயன்படும் லினாக் மெஷின், மின்சாரத்தில் ஓடுவது. ஸ்விட்சை அணைத்தால் பல்பு அணைவது போலக் கதிர்வீச்சும் நின்றுவிடும். அது ஓடும்போது அறைக்குள் நோயாளி மட்டும்தான். மற்றவர்கள் ஒரு மீட்டருக்கும் மேல் கனமான கான்கிரீட் சுவருக்கு வெளியே, டி.வி.யில் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கதவு திறந்தால் மெஷின் தானாக நிற்கும். கோபால்ட், இரிடியம் போன்ற மூலகங்களை அணைக்க முடியாது. அதனால் அவை கனத்த உலோகக் கவசத்துக்குள்ளேயே இருக்கும், சிகிச்சை நேரத்தில் மட்டும் மெஷின் தானாக வெளியே எடுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலை செய்யும் ஒவ்வொருவரும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி எவ்வளவு பட்டது என்று பார்த்து எழுதிவைப்பார்கள். உடம்பில் பட்டதை இங்கே மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். சட்டப்படி வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடமும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக நடக்கும் பிரிவில் பிசிசிஸ்டுக்கு இதில் மிகச் சிறிய பங்குதான் வரும். உலகத்தில் யாராக இருந்தாலும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணலிலேயே தோரியம் இருப்பதால் அங்கே இன்னும் அதிகம். அந்த ஊரில் பெண் எடுக்க யாரும் தயங்குவதில்லை.

கர்ப்பமாக இருக்கும்போது தனி விதி உண்டு. தெரிவித்த நாளிலிருந்து குழந்தைக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட், அதாவது பொதுமக்களுக்கு உள்ள அதே வரம்பு. மூலகத்தோடு நெருங்கிச் செய்யும் வேலையிலிருந்து மாற்றித் திட்டமிடும் கம்ப்யூட்டர் வேலையில் வைப்பார்கள். நான் போய்ப் பார்த்த பிரிவுகளில் பெண் பிசிசிஸ்டுகள் நிறையப் பேர். கோவையில் பார்த்த அந்த அம்மாவின் பெரிய பையன் அப்போது பத்தாம் வகுப்பு. தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டே போனில் அவனைக் கணக்கு டியூஷனுக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

பி.எட். பற்றி ஒரு வார்த்தை. அதை இப்போது விட்டால் போய்விடாது, எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் இடங்கள் குறைவு, விண்ணப்பம் வந்து போவதும் தெரியாது. கல்லூரி இணையதளங்களை இந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு நாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மகளோடு மதுரைக்கு வாருங்கள். தெரிந்த ஒரு பிசிசிஸ்டிடம் பேசி வைத்திருக்கிறேன், காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் ராத்திரியே வந்து எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். 0.3 நிமிஷக் கேள்விக்கு அவள் என்ன சொன்னாள் என்று அப்போது சொன்னால் போதும்.