வாங்குவோர் கேள்வி-பதில்: லைசீன் சிரப்பும் புரத டின்னும்

கேள்வி: வீடு வீடாக வந்த ஒருவர், "மகன் வளராமல் இருப்பது லைசீன் குறைவால்தான்" என்று சொல்லி இரண்டு போத்தல் சிரப்பைத் தந்து 7,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேட்டும் பில் தரவில்லை. மகனுக்கு 12 வயது, 35 கிலோ. கொடுக்கலாமா? (ஒரு தாய், கல்லடி)

பதில்: அம்மா, உங்கள் மேல் பிழை இல்லை. பிள்ளையின் உயரத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் எந்தத் தாயும் காசை எடுத்துத்தான் கொடுப்பாள். அதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

லைசீன் என்பது அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்று. அதை உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வந்தவர் சொன்னதில் உண்மை அவ்வளவுதான். உங்கள் மகனின் வயதில் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 35 மில்லிகிராம் போதும். அவருக்குக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 1,200 மில்லிகிராம். நீங்கள் அனுப்பிய லேபிள் படத்தில் ஒரு தேக்கரண்டிக்கு 100 மில்லிகிராம் என்று இருக்கிறது. மூன்று வேளையும் கொடுத்தாலும் 300தான். ஒரு முட்டையிலேயே 400க்கு மேல் உண்டு. 100 கிராம் சூரை மீனில் இரண்டு கிராம் அளவுக்கு இருக்கும். மீனும் முட்டையும் சமைக்கிற வீட்டுக்கு இந்தப் போத்தல் எதற்கு?

வளர்ச்சி உண்மையிலேயே பின்தங்கியதாகத் தெரிந்தால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். தைரொயிட், இரத்தச்சோகை என்று பார்க்க வேண்டியவை பல உண்டு. பில் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள், மூன்று மாதத்துக்குள். போத்தலை எறிய வேண்டாம், அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: நாங்கள் சைவம். அரிசியில் லைசீன் குறைவாமே, குளிசை போட வேண்டுமா? (ஆரையம்பதி)

பதில்: வேண்டாம். அரிசியில் குறைவதைப் பருப்பு நிரப்பும். பயறு, கௌபி, கடலை, தயிர் எல்லாவற்றிலும் லைசீன் தாராளம். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவில் சோளத்தோடு சோயாவைச் சேர்ப்பதும் இதே கணக்கில்தான்.

கேள்வி: மாதத்துக்கு ஒருமுறை உதட்டில் கொப்புளம் வருகிறது. பார்மசியில் லைசீன் குளிசை போடச் சொன்னார்கள். (அக்கரைப்பற்று)

பதில்: அந்தக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் பெருக ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தேவை. லைசீன் அதோடு போட்டி போட்டு வைரஸை அடக்கும் என்பது எண்ணம். ஆனால் ஆட்களிடம் செய்த ஆய்வுகளை 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கொப்புளம் வராமல் அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. டொக்டரிடம் அசிக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். சிறுநீரகத்தில் குறை உள்ளவர்கள் லைசீனைத் தாமாக எடுக்கவே கூடாது.

கேள்வி: பேஸ்புக்கில் பாதி விலைக்குப் புரத டின் வாங்கினேன். சீல் உடைந்திருந்தது, திகதி சுரண்டப்பட்டிருந்தது. இப்போது அவர் என்னை புளொக் செய்துவிட்டார். பாவிக்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

பதில்: சுரண்டிய திகதியைக் கண்ணால் பார்த்த பிறகும் இந்தக் கேள்வியா? கூடாது.

கேள்வி: ஜிம்மில் ஒரு புது பிராண்ட் விற்கிறார்கள். ஒரு ஸ்கூப்பில் 25 கிராம் புரதம், விலையும் குறைவு. நம்பலாமா? (கல்முனை)

பதில்: இந்த விஷயத்தில் எனக்கு வெகு நாளாக மனக்குறை உண்டு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். அப்படியானால் நைட்ரஜன் உள்ள மலிவான பொருள் எதைக் கலந்தாலும் புரதம் கூடியதாகக் காட்டும். 2008இல் சீனாவில் பாலில் மெலமின் என்ற நைட்ரஜன் நிறைந்த இரசாயனத்தைக் கலந்தது இந்த ஓட்டையால்தான். பிஞ்சுகள் செத்தன, ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். புரத மாவில் கலப்பது விஷம் இல்லை. கிளைசின், டோரின் போன்ற மலிவான அமினோ அமிலங்கள். உடம்பைக் கெடுக்காது, ஆனால் நீங்கள் காசு கொடுத்த தசைப் புரதம் அங்கே இருக்காது.

மட்டக்களப்பு டவுனில் நான் வாங்கிய ஒரு டின்னில் சேர்மானப் பட்டியலை மறைத்து வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. விலையும் இறக்குமதி விபரமும் அதில். வீட்டில் அதை உரித்தால், வே புரதத்துக்கு (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) அடுத்த பெயரே கிளைசின். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. படிக்க வேண்டிய இடத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது அநியாயம். ஒட்ட டின்னில் வேறு இடமா இல்லை?

நீங்கள் பார்க்க வேண்டியது லியூசின் என்ற அமினோ அமிலத்தின் அளவை. உண்மையான வே புரதம் 25 கிராமில் லியூசின் இரண்டரை கிராம் அளவுக்கு இருக்கும். அமினோ அமிலப் பட்டியலே போடாத டின்னை, சேர்மானத்தில் கிளைசின் தனியாக நிற்கிற டின்னை வாங்காதீர்கள். ஸ்டிக்கர் மறைத்தால் கடையிலேயே உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: சளிக்குத் தரும் அசிற்றைல்சிஸ்டீன் பக்கெட், பனடோல் கூடிப்போனால் முறிப்பு மருந்தாமே. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு, வாங்கி வைக்கவா? (செங்கலடி)

பதில்: மருந்து அதுதான், சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருவது. ஆனால் அதை ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து, அளவு கணக்கிட்டுத்தான் ஏற்றுவார்கள். பனடோலை விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஈரல் பெரும்பாலும் தப்பும். முதல் நாளில் பிள்ளை சும்மா ஓடி விளையாடும், அதை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். உடனே கொண்டு போங்கள், வெற்று அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு. பனடோலை உயரத்தில் பூட்டி வையுங்கள்.