ஓசிடி நோயாளி திரும்பத் திரும்பக் கேட்கும்போது செவிலியர் ஆறுதல் சொல்லலாமா?

மனநலப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பதாகவும், பதற்ற நோயையும் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயையும் பிரித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றும், கைகழுவிக்கொண்டே இருப்பவரைத் தடுப்பதா விடுவதா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களை அநேகமாக ஒரு நோயாளி ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டிருப்பார். நீங்கள் பொறுமையாகப் பத்து முறையும் பதில் சொல்லியிருப்பீர்கள். பிறகு மூத்தவர் யாராவது அதற்காக உங்களைக் கடிந்துகொண்டிருப்பார். நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அதே இடத்தில் நான் ஒரு நோயாளிக்குத் தீங்கு செய்திருக்கிறேன், அதுவும் அன்பாக நடந்துகொள்கிறேன் என்ற நினைப்பிலேயே செய்திருக்கிறேன் என்பதுதான்.

முதலில் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். நீண்ட காலம் ஓசிடியும் பதற்ற நோய்களில் ஒன்றாகவே வகைப்படுத்தப்பட்டிருந்தது. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மனநோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்-5 அதைத் தனி அத்தியாயத்திற்கு மாற்றியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி-11-உம் அவ்வாறே தனியாக வைத்திருக்கிறது. பொதுப் பதற்ற நோயில் கவலை, வேலை, பிள்ளைகள், உடல்நலம், பணம் என்று அன்றாடக் காரியங்களின் மேல் மாறி மாறி உட்காரும், டி.எஸ்.எம். கணக்கில் அது குறைந்தது 6 மாதமாவது பெரும்பாலான நாள்களில் நீடித்திருக்க வேண்டும். பீதித் தாக்கமோ (பேனிக் அட்டாக்) திடீரென்று எழுந்து சில நிமிடங்களில் உச்சம் தொடும். ஓசிடியில் நடப்பது வேறு. நோயாளி விரும்பாத, அவருடைய குணத்துக்கே ஒவ்வாத ஓர் எண்ணம் உள்ளே நுழைகிறது; அதைத் தாங்க முடியாமல் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறார், இதைத்தான் சடங்கு என்கிறோம்; சிறிது நேரம் நிம்மதி கிடைக்கிறது; பிறகு எண்ணம் முன்னைவிட வலுவாகத் திரும்பி வருகிறது. அந்தச் சில நிமிட நிம்மதிதான் நோயை வளர்க்கிறது என்பதை நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே இதைச் சொல்கிறேன். என் பணியின் மூன்றாம் ஆண்டில், நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண் எங்கள் பிரிவில் சேர்ந்திருந்தார். தம்மை அறியாமல் மற்ற நோயாளிகளின் உணவில் ஊசி போன்ற எதையாவது போட்டிருப்பேனோ என்ற எண்ணம் அவரை விடாமல் துரத்தியது. யாருக்கும் சிறு துன்பமும் நினைக்காதவர். அதனாலேயே அந்த எண்ணம் அவரை அவ்வளவு வதைத்தது. இரவு உணவு முடிந்ததும் செவிலியர் மேசைக்கு வந்து, “சிஸ்டர், நான் யாருக்கும் எதுவும் செய்துவிடவில்லையே?” என்று கேட்பார். “இல்லைம்மா, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நிம்மதியாகத் தூங்குங்கள்” என்பேன். அவர் முகம் தெளியும். எனக்கும் மனம் நிறையும். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, “நீங்கள் நடுவில் ஒரு முறைகூடக் கண்ணை எடுக்கவில்லையே?” என்பார். அதற்கும் பதில் சொல்வேன். அடுத்த முறை, “என் இடது கை எங்கே இருந்தது, அதையும் பார்த்தீர்களா?” என்பார். நான் எவ்வளவு உறுதியாகச் சொன்னேனோ, அடுத்த கேள்வி அவ்வளவு நுணுக்கமாக வந்தது. கைகழுவுவது மட்டுமே சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்த நான், என் வாயால் சொல்லப்பட்ட ஆறுதலே அவருடைய சடங்கின் ஒரு பாகமாகிவிட்டதை இரண்டு வாரம் கவனிக்கவில்லை.

அதைவிடப் பெரிய தவறு அதன் பிறகு நடந்தது. பணிச்சுமை மிகுந்திருந்த ஓர் இரவில் பொறுமை இழந்து, “இனி இதைக் கேட்காதீர்கள், நான் பதில் சொல்லமாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் எதுவும் பேசாமல் போனார். நள்ளிரவில் சுற்றி வந்தபோது, கழுவி அடுக்கிய தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கொளியில் பிடித்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின, உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. ஆறுதலைப் பறித்த நான் அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. ஆகவே நோய் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொண்டது. அந்தக் காட்சி இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மறுநாள் எங்கள் உளவியலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர்தான் எதிர்கொள்ளலும் சடங்குத் தடுப்பும் சேர்ந்த சிகிச்சையைப் பற்றி, அதாவது அஞ்சுவதை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் முறையைப் பற்றி, எனக்கு விளக்கினார். 1966-இல் உளவியலாளர் விக்டர் மேயர், கடுமையான ஓசிடி இருந்த இருவருக்கு இம்முறையில் சிகிச்சை அளித்ததை வெளியிட்டார். அதில் நோயாளிகளை அருகிருந்து கண்காணித்துச் சடங்குகளைத் தடுக்கும் பணி செவிலியர்களுடையது. இந்தச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே செவிலியருக்கு இடம் இருந்தது என்பதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பகலில், அவர் ஓரளவு அமைதியாக இருந்த நேரத்தில், அவரையும் வைத்துக்கொண்டே ஒரு உடன்பாடு செய்தோம். உறுதி கேட்கத் தோன்றும்போது அவர் என்னிடம் வரலாம். நான் “ஆம்” என்றோ “இல்லை” என்றோ சொல்லமாட்டேன். “இது நோய் கேட்கும் கேள்வி என்று நாம் பேசியிருக்கிறோம், பதற்றம் இறங்கும் வரை உங்களுடன் உட்கார்ந்திருக்கிறேன்” என்று மட்டும் சொல்வேன். பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை அவரே மதிப்பெண் கொடுப்பார். முதல் இரவு 9 என்றார். அரை மணி நேரத்திற்கு மேல் அசையவே இல்லை. எழுந்து ஓடிவிடுவாரோ என்று எனக்கே பயமாக இருந்தது. பிறகு 7 ஆகி, 5-இல் நின்றது. எந்தப் பதிலும் கிடைக்காமலேயே அது இறங்கியதை அவர் தம் உடம்பில் கண்டறிந்தார். நான் ஆயிரம் முறை சொல்லியும் வராத நம்பிக்கை அதில் வந்தது. முழுக்கக் குணமாகிப் போனார் என்று சொல்லமாட்டேன். ஓசிடியின் கடுமையை 0 முதல் 40 வரை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் சேரும்போது 30 இருந்தது, வீடு திரும்பும்போது 21 ஆகியிருந்தது. கடுமை என்ற நிலையிலிருந்து மிதமான நிலைக்கு வந்திருந்தார், அவ்வளவே.

பதற்ற நோயும் ஓசிடியும் செவிலியருக்குப் பிரியும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதே அறையில் அடுத்த கட்டிலில் பீதித் தாக்கத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவரிடம், “நான் பக்கத்தில் இருக்கிறேன், இது சில நிமிடத்தில் தணிந்துவிடும்” என்று சொல்வது சரியான பணிவிடை. அமெரிக்க மனநலச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் பதற்றத்தை லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி என்று நான்கு படிகளாக வகுத்துத் தந்தார். கடைசிப் படியில் இருப்பவருக்கு விளக்கமும் அறிவுரையும் காதில் ஏறாது. சிறு வாக்கியங்களும், சத்தம் குறைந்த இடமும், விட்டுப் போகாத ஓர் ஆளுமே போதும். ஆனால் முதன்முறை நெஞ்சுவலி, படபடப்பு என்று வருபவரை, இதயத்தையும் தைராய்டையும் பரிசோதிக்கும் முன்பே “வெறும் பதற்றம்தான்” என்று எழுதிவிடக் கூடாது. ஓசிடி நோயாளிக்கும் உடனிருப்பு வேண்டும். உத்தரவாதம் மட்டும் கூடாது.

இதைப் படித்துவிட்டு, செவிலியர்கள் தாங்களாகவே சிகிச்சை தொடங்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையும் குழுவின் திட்டமும் நோயாளியின் சம்மதமும் இல்லாமல் சடங்கைத் தடுப்பது கொடுமை. நான் அந்த இரவில் செய்தது அதுதான். நோயாளிக்குப் பதில் மறுப்பது இரக்கமற்ற செயல் என்பவர்களுக்கும், அவருக்குத் தெரியாமல் மறுப்பதற்கும் அவரோடு பேசி முடிவெடுத்து மறுப்பதற்கும் உள்ள தூரத்தையே நான் காட்ட விரும்புகிறேன். பிறருக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்று அஞ்சும் ஓசிடி நோயாளியை ஆபத்தானவராகக் குறித்து வைப்பதும் தவறு. ஓசிடியுடன் சேர்ந்து அவருக்கு வரக்கூடிய மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கேட்டறியாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு.

ஒரு மனக்குறையையும் சொல்லியே ஆக வேண்டும். அந்த அம்மாவுடன் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததற்காக, “மேசையை விட்டுவிட்டு நோயாளியோடு அரட்டை” என்று அப்போதைய மேற்பார்வையாளர் எனக்கு எழுத்து விளக்கம் கேட்டார். மாத்திரை கொடுத்ததற்குப் பதிவேட்டில் கட்டம் உண்டு, இரத்த அழுத்தத்துக்குக் கட்டம் உண்டு; ஒருவரின் பதற்றம் இறங்கும் வரை அருகில் இருந்ததற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத வேலை வேலையே இல்லை என்று கருதப்படுவது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நம் பணியின் உயிர்நாடியே அதுவாக இருக்கும்போது அதை எழுத இடம் வைக்காதது எப்படி நியாயமாகும்?

உங்கள் கைகழுவும் கேள்விக்கு வருகிறேன். சேர்ந்த முதல் நாள்களில் திடீரென்று தடுக்காதீர்கள். எத்தனை முறை, எவ்வளவு நேரம், எதற்குப் பிறகு என்று கவனித்து எழுதுங்கள். வெடித்த தோலுக்குக் களிம்பு போடுங்கள். உணவுக்கும் உறக்கத்துக்கும் நேரம் மிஞ்சும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குழு திட்டம் வகுத்த பிறகு, ஒத்துக்கொண்ட அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் ஓசிடியில் பலன் காட்டச் சில நேரம் 8 முதல் 12 வாரம் ஆகும் என்பதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பணி ஒப்படைக்கும்போது “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதாதீர்கள். “இரவில் 7 முறை உறுதி கேட்டார், 5 முறை பதிலில்லாமலேயே பதற்றம் தணிந்தது, 2 முறை எழுந்து சென்று தட்டுகளைச் சரிபார்த்தார்” என்று எழுதுங்கள், அடுத்து வருபவர் எங்கிருந்து தொடர வேண்டும் என்பது அதில் இருக்கும்.