ஏற்கப்பட்ட நோயால் வரும் அடுத்த நோய்: அமெரிக்க முன்னாள் படைவீரர் நட்டஈடு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (சாவகச்சேரி): அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய என் அண்ணர் இப்போது எங்களுடன் இருக்கிறார். அவருடைய சலரோகம் சேவையோடு தொடர்புடையதென அமெரிக்க முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்தால் ஏற்கப்பட்டுள்ளது. இப்போது கால்கள் விறைக்கின்றன. இதற்கும் கோரலாமா?

பதில்: கோரலாம். ஏற்கப்பட்ட நோய் இன்னொரு நோயை உண்டாக்கினால், அதற்கும் நட்டஈடு உண்டென அமெரிக்கக் கூட்டாட்சி விதிக்கோவையின் 38ஆம் தலைப்பில் 3.310ஆம் பிரிவு கூறுகிறது. நரம்புப் பாதிப்பு உறுதியானதைக் காட்டும் அறிக்கையுடன், அதற்குச் சலரோகமே காரணம் என்னும் வைத்தியரின் கருத்தும் வேண்டும். பலர் தவறுவது இந்தக் கருத்தில்தான். "தொடர்பு இருக்கலாம்" என்ற ஒற்றை வரிக்குப் பெறுமதி மிகக் குறைவு; தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது சரிபாதி என்று சொல்லி, சலரோகம் எத்தனை ஆண்டாக உள்ளது, சீனி அளவு எப்படி இருந்தது, வேறு காரணங்கள் ஏன் பொருந்தவில்லை என்பவற்றையும் அவர் விளக்க வேண்டும்.

கேள்வி (மானிப்பாய்): மாமாவின் உயர் குருதி அமுக்கம் முன்பே இருந்தது, சேவையோடு தொடர்புடையதென ஏற்கப்பட்ட மனவடு நோய்க்குப் பிறகு கூடிவிட்டது. இதற்கும் கோரலாமா?

பதில்: மோசமாக்கியதும் கணக்கில் வரும், ஆனால் கூடிய பகுதிக்கு மட்டுமே. முந்தைய நிலையை மருத்துவப் பதிவால் காட்ட வேண்டியிருப்பதால், பழைய கிளினிக் கொப்பிகளை எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி (நல்லூர்): ஒரு நோய்க்கு 50 வீத இயலாமை மதிப்பீடும் இன்னொன்றுக்கு 30 வீதமும் சேர்ந்தால் 80 தானே?

பதில்: இல்லை. முழு உடல்நலமான 100இலிருந்து முதலில் 50 கழிகிறது. மீதி 50இன் 30 வீதம் 15. ஆகவே 65, அது 70 ஆக முழுமையாக்கப்படும். இதன்மேல் 10 வீத நோயொன்று ஏற்கப்பட்டால் கூட்டு 69 ஆகும். அதுவும் 70 தான். பணம் அதிகரிக்காது. ஆயினும் கோருவதில் பொருளுண்டு: வெளிநாட்டில் வசிப்போருக்கான மருத்துவத் திட்டம் சேவையோடு தொடர்புடையதென ஏற்கப்பட்ட நோய்களின் சிகிச்சைச் செலவை ஈடுசெய்கிறது, கிளைத்த நோயும் அதற்குள் வரும்.

கேள்வி (கொடிகாமம்): ஏற்கப்பட்ட முழங்கால் நோவால் நடக்க முடியாமல் எடை கூடி, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறது. உடற்பருமன் நோயாக எடுக்கப்படுமா?

பதில்: தனி நோயாக எடுக்கப்படாது; ஏற்கப்பட்ட நோய்க்கும் புதிய நோய்க்கும் நடுவிலுள்ள இடைப்படியாக எடுக்கப்படலாம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் வைத்தியர் எழுத வேண்டும்.

கேள்வி (சுன்னாகம்): ஆவணங்கள் சேரும் வரை காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். கோரும் நோக்கத்தை முதலில் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால், நட்டஈடு பெரும்பாலும் அறிவித்த நாளிலிருந்து கணக்கிடப்படும்.