ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு தெரு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் டெக்ஸாஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, இரண்டு மாதமாக வீடு தேடுகிறோம். ஏஜென்ட் ஒரு தெருவைக் காட்டினார். வடக்கு வரிசை வீடுகளுக்கு ஒரு தொடக்கப்பள்ளி, தெற்கு வரிசைக்கு வேறொன்று. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஒன்றுதான். ஆனால் பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் இணையதளத்தில் வடக்குக்குப் பத்துக்கு ஒன்பது, தெற்குக்கு ஆறு. வீடுகள் ஒரே அளவு, விலை மட்டும் வடக்கே கணிசமாக அதிகம். மனைவி வடக்கு என்கிறார். எனக்கு ஒரு குழப்பம். பள்ளி நன்றாக இருப்பதால் வசதியானவர்கள் அங்கே வந்தார்களா, வசதியானவர்கள் வந்ததால் பள்ளி நன்றாக இருக்கிறதா? இலவசப் பள்ளிக்கு இவ்வளவு விலை கொடுப்பது சரியா?

வாசகர், டெக்ஸாஸ்

அன்புள்ள நண்பருக்கு,

கோழியா முட்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஆனால் அதற்கு முன் அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

அதில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதும் கணக்குப் பரீட்சையில் அந்த வருட டீச்சர் மட்டுமா இருக்கிறார்? தூங்கும் முன் யாரோ வாசித்துக் காட்டிய கதைகள், காசு கட்டிச் சேர்த்த ப்ரீஸ்கூல், காது வலித்தால் மறுநாளே பார்க்கக் கிடைத்த டாக்டர், வாடகை ஏறியதால் வருடத்தின் நடுவில் வீடு மாற வேண்டியிராத நிம்மதி எல்லாம் இருக்கின்றன. அத்தனையையும் பள்ளியின் கணக்கில் வரவு வைத்து ஒன்பது என்று போட்டுவிடுகிறார்கள். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் அமெரிக்க அரசுக்காக நடந்த மாபெரும் ஆய்வே, மதிப்பெண் வித்தியாசத்தில் பள்ளிக் கட்டடம், கருவிகளைவிடக் குடும்பப் பின்னணிக்குத்தான் பங்கு அதிகம் என்று சொல்லிவிட்டது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஷான் ரியர்டன் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தார். மோசமான பள்ளிகள் என்று பலரும் ஒதுக்கிவைத்த சிகாகோவில் பிள்ளைகள் ஐந்து வருடத்தில் ஆறு வருடத்துக்கான படிப்பு முன்னேறியிருந்தார்கள். உங்கள் தெருவின் ஆறும் அப்படிப்பட்ட ஆறாக இருக்கலாம். அந்தத் தளத்தில் ‘வளர்ச்சி’ என்று தனியாக ஒரு கட்டம் இருந்தால் அதைத் தேடிப் பாருங்கள்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்டன் புறநகர்களில் உங்கள் தெருவைப் போன்ற எல்லைக்கோடுகளின் இரு பக்கமும் உள்ள வீடுகளை சான்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் ஒப்பிட்டுப் பார்த்து 1999-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தேர்வு மதிப்பெண் 5% கூடினால் வீட்டு விலை ஏறக்குறைய 2.5% கூடியது. ஆக, இலவசப் பள்ளிக்கும் ஃபீஸ் உண்டு. அதைப் பள்ளி அலுவலகத்தில் கட்டாமல் வீட்டுக் கடனாக வங்கியில் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள் எப்படி இந்த வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். டிஸ்ட்ரிக்ட் முழுவதும் ஒரே சம்பள அட்டவணை என்றால், அனுபவம் கூடிய டீச்சர் தொந்தரவு குறைந்த பள்ளிக்கு மாற்றல் கேட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலியான இடத்துக்குப் புதிதாக வேலையில் சேர்ந்தவர் வருவார். பட்ஜெட்டில் இரண்டுமே ‘ஒரு ஆசிரியர்’தான். அப்புறம் பெற்றோர் சங்கம் திரட்டும் நன்கொடை. அது வடக்கே சேரும் அளவுக்குத் தெற்கே சேராது.

டிஸ்ட்ரிக்ட் எல்லையைத் தாண்டினால் கதை இன்னும் கடுமை. அமெரிக்காவில் பள்ளிக்கான பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது உள்ளூரிலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி சொத்துவரி. இதன் பொருள் என்ன என்பதை உங்கள் மாநிலமே நாட்டுக்குக் காட்டியது. 1968-இல் சான் ஆன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதிப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிப் போராடினார்கள். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகரவேலைத் தொழிலாளியும் மற்றப் பெற்றோர்களும் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கும் இந்த முறையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் பதிவான எண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எட்ஜ்வுட்காரர்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே நகரத்தின் வசதியான ஆலமோ ஹைட்ஸில் 85 சென்ட். அந்த உள்ளூர் வரியிலிருந்து ஒரு மாணவருக்கு எட்ஜ்வுட்டில் கிடைத்தது 26 டாலர், ஆலமோ ஹைட்ஸில் 333. கூடுதல் விகிதத்தில் வரி கட்டியவர்கள் ஏழைகள் என்பதைக் கவனியுங்கள். மாநில, மத்திய அரசுப் பணம் சேர்ந்த பிறகும் 356-க்கு எதிரே 594.

1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் இது அரசியல் சாசனத்துக்கு எதிரானது அல்ல என்று தீர்ப்பளித்தது. பிறகு மாநில நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 1989-இல் டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் நின்றது. 1993-இல் வந்த சட்டப்படி பணக்கார டிஸ்ட்ரிக்டுகளின் வரிப்பணத்தில் ஒரு பகுதி மற்றவர்களுக்குப் போகிறது. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த கதைநாயகன் பெயரால் ‘ராபின் ஹூட்’ என்று அதைத் திட்டுபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பணம் போட்டு என்ன ஆகப்போகிறது என்பது அவர்களுடைய வாதம். பொருளாதார அறிஞர் கிராபோ ஜாக்சனும் இன்னும் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 வருடப் பள்ளிப் படிப்பு முழுவதும் செலவு 10% கூடினால் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானபின் வாங்கும் சம்பளம் ஏறக்குறைய 7% கூடுகிறது. ஏழைப் பிள்ளைகளிடம் இந்தப் பலன் இன்னும் அதிகம்.

அந்தக் கடைசி வரிதான் உங்களுக்கான என் பதில். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சகாக்களும் ஆராய்ந்த இன்னொரு திட்டத்திலும் இதே சாயல் உண்டு. 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில் அரசுக் குடியிருப்பில் இருந்த ஏழைக் குடும்பங்கள் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கிடைத்தது. 13 வயதுக்கு முன் அப்படிப் போன பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட ஏறக்குறைய 31% கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பள்ளிப் பரீட்சை மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

உங்கள் மகளோ தெருவின் எந்தப் பக்கம் தூங்கி எழுந்தாலும் அதே அம்மா, அப்பா, அதே புத்தக அலமாரி, அதே அக்கம்பக்கம். வடக்குப் பக்கத்தின் கூடுதல் விலை அவளுக்குப் பெரிதாக எதையும் சேர்க்காது என்றே நினைக்கிறேன். யாருக்குச் சேர்க்குமோ அவரால் அதைக் கொடுக்க முடியாது. 2011-இல் ஓஹாயோவின் ஏக்ரனில் ஒரு தாய் தன் அப்பாவின் முகவரியைக் கொடுத்து மகள்களை நல்ல டிஸ்ட்ரிக்டில் சேர்த்ததற்காக 9 நாள் சிறையில் இருந்தார். நீங்கள் வங்கியில் கடன் வாங்கி அடையும் முகவரியை அவர் அப்பாவிடம் கடன் வாங்கியிருந்தார்.

வடக்கில் வாங்கினால் பாவம் என்று சொல்ல வரவில்லை, பெற்றோருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் காலை தெற்குப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை டீச்சர்கள் விட்டுப் போனார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். எந்தப் பக்கம் முடிவானது என்று எழுதுங்கள்.