தக்காளியை சோப்பு போட்டுக் கழுவ வேண்டுமா?

கேள்வி: பாலக்கோட்டில் வசிக்கிறோம். என் மாமியாருக்கு வயது 64, சர்க்கரை உண்டு. கொரோனா ஊரடங்கில் தொடங்கியவர், இன்னும் தக்காளி, கீரை எல்லாவற்றையும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில்தான் கழுவுகிறார். பால் பாக்கெட்டுக்கு சானிடைசர். கையெல்லாம் வெடித்து எரிகிறது. "போதும் அத்தை" என்றால் பயப்படுகிறார். நிறுத்தினால் ஆபத்தா, டாக்டர்?

பதில்: ஆபத்தில்லை, இன்றே நிறுத்தலாம். ஆனால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கொரோனா கிருமி பிளாஸ்டிக் மீது மூன்று நாள் வரை இருக்கும் என்று 2020 மார்ச்சில் ஓர் ஆய்வு வந்ததும் எல்லோருமே நடுங்கினோம். மளிகைப் பையை வெயிலில் வைத்தோம், சில்லறைக் காசைக்கூடக் கழுவினோம். அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், நிறையக் கிருமியை வைத்துச் செய்தது. கிருமி பட்ட பொருளை ஒருமுறை தொட்டால் நோய் வரும் வாய்ப்பு, பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே 2021இல் சொல்லிவிட்டது.

ஆபத்து இருந்தது காயில் அல்ல, கடை வாசலில். அந்த நாட்களில் தர்மபுரிக் கடைத்தெருவில் நான் கவனித்தது இது: சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஒழுங்காக நிற்பார்கள். முறை வந்ததும் கடை முன் குறுக்கே கட்டிய கயிற்றின் மேல் சாய்ந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, "அரைக் கிலோ துவரம்பருப்பு" என்று சத்தமாகச் சொல்வார்கள். கடைக்காரருக்குக் காது கேட்க வேண்டுமே! ஆனால் கிருமி பரவியது அந்த மூச்சில்தான். 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்றதும், முந்தைய இரண்டு நாளும் கடைகளில் தோளோடு தோள் உரசி நின்றோம். வீட்டுக்கு வந்து காயை மட்டும் கழுவி என்ன பயன்? அப்புறம் தெருவுக்கே வந்த காய்கறி வண்டிகள் எவ்வளவோ மேல். இப்போதும் ஊரில் காய்ச்சல், இருமல் அதிகமாக இருந்தால், அத்தையைக் கூட்டமில்லாத நேரத்தில் சந்தைக்கு அனுப்புங்கள், முகக்கவசம் மூக்கையும் மூடட்டும்.

தக்காளியை நல்ல தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும். கீரையை அகலமான பாத்திரத்தில் அலசி, மண் அடியில் தங்கியதும் மேலே அள்ளி எடுங்கள். சோப்பு கீரையில் தங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். சானிடைசர் எளிதில் தீப்பற்றும், அதை அடுப்பங்கரையை விட்டே எடுத்துவிடுங்கள். சோப்பு கைக்குத்தான். வெளியே போய் வந்ததும், சமைக்கும் முன்னும், சாப்பிடும் முன்னும் கழுவட்டும்.

கழுவிய கையைத் துடைத்து, ஈரம் முழுதும் காயும் முன் வாஸ்லின் தடவச் சொல்லுங்கள். பாத்திரம் தேய்ப்பதைக் கொஞ்ச நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருப்பதால் வெடிப்பு வழியே தொற்று சீக்கிரம் உள்ளே போகும். சிவப்பு, வீக்கம், சீழ் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.